வேள்விக்குடிச் செப்பேடும் நம் வம்சாவளியும்

திருக்கோயில் குடமுழுக்கு நிகழும் நன்னாளில், திருப்பணிக்குப் பொருளுதவிய அன்பர்கள் தம் பெயரோடு தந்தையார், பாட்டனார் பெயரையும் கல்லில் பொறிக்க விரும்புவது இயல்பே. அப்போது பல இல்லங்களில் ஒரு தடுமாற்றம் உண்டாகிறது. பாட்டனார் பெயர் நினைவில் இருக்கிறது. அவருடைய தந்தையார் பெயரைக் கேட்டாலோ, ஒருவர் ஒன்று சொல்ல மற்றொருவர் வேறொன்று சொல்லுகின்றார். கல்லில் ஏறிய பெயர் பல தலைமுறை நிற்பது. அது பிழைபட்டுவிட்டால், பின்வருவோர் பிழையையே மெய்யென்று கொள்வர். ஆதலின், வம்சாவளியை ஆராய்ந்து எழுதும் முறையைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் நலம்.

இதற்கு நல்லதொரு முன்மாதிரி பாண்டி நாட்டுச் சரித்திரத்தில் உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டியன், கொற்கைகிழான் நற்கொற்றன் என்பானுக்கு வேள்விக்குடி என்ற ஊரைத் தானமாக அளித்தான். பின்னர்க் களப்பிரர் ஆட்சியில் அவ்வூர் அவன் வழியினர் கையைவிட்டுப் போயிற்று. பல தலைமுறை கழிந்தபின், பராந்தகன் நெடுஞ்சடையனது மூன்றாம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.பி. 770இல், அம்மரபில் வந்த காமக்காணி நற்சிங்கன் மன்னன் முன் நின்று முறையிட்டான். மன்னன் சினந்து மறுக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடவும் இல்லை. ஊர் உன் முன்னோருடையது என்பதை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்க என்றான். நற்சிங்கன் அவ்வாறே மெய்ப்பித்தான்; ஊர் மீண்டது. இவ்வரலாற்றைக் கூறும் செப்பேடு இன்று லண்டனில் உள்ளது.

வம்சாவளி ஆராய்ச்சியின் உயிர்நிலை இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. நாம் சொல்லுவது மட்டும் போதாது. பிறர் சான்றும் வேண்டும். அச்செப்பேடே மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. அதன் தொடக்கம் அகத்திய முனிவரைப் பாண்டியரது குலகுருவாகப் புகழ்கிறது. பின்னர்க் கடுங்கோன் முதல் நெடுஞ்சடையன் வரை ஏழு தலைமுறை அரசரை வரிசையாகக் கூறுகிறது. சரித்திர ஆசிரியர் முற்பகுதியை மரபுவழிப் புகழ்ச்சியாகவும், பிற்பகுதியைச் சரித்திரச் சான்றாகவும் கொள்கின்றனர். அண்மைக் காலத்துச் செய்தி உறுதியானது. மிகத் தொலைவிலுள்ளது பெருமைக்காக உரைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஆகவே, புகழ்பெற்ற முன்னோர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வருதல் முறையன்று. நம்மிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக மேலேறிச் செல்லுதலே முறை.

முதற்படி நம் இல்லத்திலேயே இருக்கிறது. தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில், தந்தை வழியில் மூன்று தலைமுறைப் பெயர்களும் தாய் வழிப் பாட்டனார் வரிசையும் சொல்லப்பெறுகின்றன. நாம் கருதத்தக்கது ஒன்று: பத்திரங்களில் ‘இன்னாருடைய பாரியாள்’ என்று மட்டுமே குறிக்கப்பெற்ற பெண்டிரின் பெயர்கள், பெரும்பாலும் இச்சடங்கிலேதான் உயிரோடு நிற்கின்றன. அவற்றை அறிந்த பெரியவர் ஒருவர் மறைந்துவிட்டால், அப்பெயர்கள் எந்த அலுவலகத்திலும் கிடைப்பது அரிது. ஆதலின் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியவை பாட்டிமாரின் பெயர்களே.

இரண்டாவதாக, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருதலைக் கவனிக்க வேண்டும். பாட்டன் பெயரைத் தாங்குவதனாலேயே ‘பெயரன்’ என்ற சொல் எழுந்தது. இராமசாமியின் குமாரர் சுப்பராயன், அவர் குமாரர் மீண்டும் இராமசாமி என வருங்கால், இருவரை ஒருவராகக் கருதி இரண்டு தலைமுறையை விழுங்கிவிடுதல் எளிது. பெயரோடு ஊர், தகப்பனார் பெயர், ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்தாலன்றி ஒருவரையே குறிப்பதாகத் துணியலாகாது.

ஆண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஜாதகத்தில் பிரபவ வருஷம் என்று மட்டும் இருப்பின், அது 1867–68ஆ, 1927–28ஆ? அறுபது ஆண்டில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் ஏறக்குறைய முடித்து, அதே ராசிக்கோ அடுத்த ராசிக்கோ வந்துவிடும். ஆகவே இவ்விரண்டைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது. ஆனால் ராகு ஒரு சுற்றுக்குப் பதினெட்டரை ஆண்டுக்குச் சிறிது மேல் கொள்ளுவதால், அறுபது ஆண்டுக்குப்பின் ஏறக்குறைய மூன்று ராசி பின்தள்ளி நிற்கும். ராகு நின்ற ராசியைக் கணித்துப் பார்த்தால் எந்தப் பிரபவ என்பது விளங்கிவிடும்.

இனி, வீட்டுக்கு வெளியே உள்ள சான்றுகள். தியாகராயநகர் 1920களில் பழைய ஏரி நிலத்தில் எழுந்த பகுதி. அங்குள்ள பல குடும்பங்கள் வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியவை. அத்தகையோர் சொந்த ஊரை அறிந்தாலன்றி மேலே செல்லுதல் இயலாது. ஊர் தெரிந்தபின் பாகப்பிரிவினைப் பத்திரங்களைத் தேடலாம். ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறையினரின் உறவு விளங்குவதுண்டு. முன்னோர் மானிய நிலம் உடையவராயின், 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் பெருந்துணை செய்யும். மானியத்தை முதலில் பெற்றவர் யார், அன்று அனுபவித்தவர் அவருக்கு என்ன உறவு என்பன அங்கே குறிக்கப்பட்டுள்ளன. எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தில் இத்தகைய பதிவுகளைக் காணலாம். 1821இல் காலஞ்சென்ற காலின் மெக்கன்சி திரட்டிய பாளையக்காரர் வம்சாவளிகள் பலவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. எனினும், தம் உரிமையை நிலைநாட்டும் பொருட்டு எழுதியளித்தவை அவற்றுள் உண்டு. யார், எதற்காக எழுதியது என்று வினவிய பின்னரே ஏற்றல் வேண்டும்.

கோயில்களும் சான்றாகும். நகரத்தார் சமூகம் ஒன்பது நகரக் கோயில்களைக் கொண்டு பிரிவு வகுத்து, திருமணந்தோறும் கோயில் மாலை பெற்று, அங்கே பதிவும் செய்து வருகிறது. தலைமுறை தவறாது கணக்கு நிற்பதற்கு அது சிறந்த ஏற்பாடு. ஆனால் எல்லாக் கோயில்களிலும் சான்று முழுமையாகக் கிடைக்குமென்று எண்ணலாகாது. மயிலையில் கடற்கரையையொட்டி இருந்த பழைய கோயில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தபின், அதன் கல்வெட்டுகளிற் சில துண்டுகளே எஞ்சின. எத்தனை கொடையாளர் பெயர் அவற்றோடு மறைந்தனவோ! கல்லும் அழியும், ஓரிடத்தில் மட்டும் எழுதிவைத்தல் போதாது என்பதற்கு மயிலையே சாட்சி.

ஆகவே அன்பர்கள் தம் வம்சாவளியை எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் எடுத்து, உடன்பிறந்தார் இல்லங்களிலும் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது பாட்டி சொன்னதா, பத்திரத்தில் கண்டதா, ஜாதகத்தில் உள்ளதா என்று குறித்தல் வேண்டும். தெரியாத இடத்தைத் தெரியாததாகவே விட்டுவிடுதல் இழுக்கன்று. வெற்றிடத்தை நம் பெயரன் ஒருவன் நிரப்பக்கூடும். பொய்யால் நிரப்பிவிட்டாலோ, அவன் தேடவே மாட்டான்.

நற்சிங்கனுக்கு ஒரு மன்னன் சான்று கேட்டான். நம்மைக் கேட்பவர் இன்று எவருமில்லை. நம் மனச்சான்றே கேட்க வேண்டும். முன்னோரை மெய்யாக அறிந்து, மெய்யாக எழுதிவைத்தல் அவர்க்குச் செய்யும் கடன்களுள் ஒன்று. அக்கடனை ஆற்ற இறைவன் திருவருள் துணை நிற்பதாக.