பாராமகாலின் பன்னிரண்டு

கிருஷ்ணகிரிப் பக்கம் யாரிடமாவது பாராமகால் என்றால் என்ன என்று கேட்டால், "பன்னெண்டு கோட்டைங்க" என்று உடனே பதில் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சரி, அந்தப் பன்னிரண்டையும் சொல்லுங்களேன் என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் சிக்கல். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் வரைக்கும் விரல் மடங்கும். அதற்குமேல் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காவேரிப்பட்டினத்துக்காரர் தன் ஊரைச் சேர்ப்பார். ராயக்கோட்டைக்காரருக்கோ, இவ்வளவு பெரிய கோட்டையை விட்டுவிட்டு இதென்ன கணக்கு என்று கோபம் வரும்.

அச்சில் இருக்கிற பட்டியல்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அடிக்கடி கண்ணில் படும் பட்டியல் ஒன்றில் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் உண்டு. அவை 2019இல் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. அதே பட்டியலில் புஜங்ககடை, ககனகடை, சுதர்சனகடை என்றும் வரும். இந்தப் பெயர்களைச் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் விழிப்பார். (இங்கே 'கடை' என்பது மளிகைக் கடை அல்ல, கோட்டையைக் குறிக்கும் 'கட'. மகாராஜகடைக்கு பஸ் ஏறுகிற பலரும் ஏதோ ஒரு மகாராஜா அங்கே கடை வைத்திருந்தார் என்றே நினைத்திருப்பார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.)

கதை ஜெகதேவராயரோடு கட்டப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், பெனுகொண்டாவை கோல்கொண்டா படை முற்றுகையிட்டபோது விஜயநகரத்துக்காக நின்று போரிட்டவர். அதற்குப் பரிசாக இந்தச் சீமை கிடைத்தது. அவர் பன்னிரண்டு கோட்டைகளால் அதைக் காத்தார் என்பார்கள். ஆனால் பெயரைப் பாருங்கள். தெலுங்கும் கன்னடமும் புழங்கிய ஒரு விஜயநகரத் தலைவரின் நாட்டுக்கு 'பாரா மகால்' என்று இந்துஸ்தானிப் பெயர். 'பாரஹ்' என்றால் பன்னிரண்டு. மகால் என்றதும் நமக்குத் தாஜ்மகாலும் திருமலை நாயக்கர் மகாலும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. வருவாய்த் துறைப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். முகலாயர் கணக்குகளில் சுபா, அதற்குள் சர்க்கார், அதற்குள் மகால். அங்கே மகால் என்பது வரி வசூலிக்கும் ஒரு வட்டாரம், அவ்வளவுதான். அய்னி அக்பரி முழுக்க இந்த மகால் கணக்குதான். ஆகவே நம்முடைய பன்னிரண்டு, கோட்டைகளின் எண்ணிக்கையாக இல்லாமல் பன்னிரண்டு வசூல் வட்டாரங்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் வந்தவர்கள் மகாலை அரண்மனை என்று கேட்டு, இந்த ஊர்களின் குன்றுகளில் அரண்மனைகளைத் தேடப் போயிருக்கிறார்கள். இந்தப் பாறைக் காட்டில் குன்றுக்கா பஞ்சம்? தேடியது கிடைத்துவிட்டது.

பன்னிரண்டைப் பெயரில் வைத்திருக்கும் மற்றவையும் இதே மாதிரிதான். வடக்கே பாராசிங்கா மான்: பன்னிரண்டு கிளைக் கொம்பு என்று பெயர், பத்தோடு நிற்பதும் உண்டு, பதினான்கு கிளைப்பதும் உண்டு. அக்பர் காலத்து வங்காளத்தில் முகலாயரை எதிர்த்து நின்ற பாரோ பூயான்கள், அதாவது பன்னிரண்டு ஜமீன்தார்கள். யார் யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை கிடையாது. கிரேக்கத்தில் டோடெக்கனீஸ் என்றால் பன்னிரு தீவுகள். உண்மையில் அதைவிட நிறைய. லக்னோவின் பாரா இமாம்பாரா மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அங்கே உள்ளது 'படா', பெரியது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன, அது நம் எழுத்தின் பாடு.

எண்ணை ஊரின் பெயரோடு ஒட்டுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. இந்துஸ்தானி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நிலம் கங்கவாடிக்கும் நுளம்பவாடிக்கும் இடையே கிடந்தது. கன்னடக் கல்வெட்டுகளில் அவை கங்கவாடி 96,000, நுளம்பவாடி 32,000. வடமேற்கே பனவாசி 12,000. இந்த எண்கள் கிராமங்களா, வரித்தொகையா, போர் வீரர்களா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வழக்காடுகிறார்கள். ஆட்சி மாறியும் எண் மாறவில்லை என்பதுதான் விசேஷம். ஊர் கூடினால் குறைந்தால் எண்ணும் நகர வேண்டுமே? நகரவில்லை. இனிஷியல் மாதிரி பெயரோடு ஒட்டிக்கொண்டது. ராஜராஜன் மெய்க்கீர்த்தியிலும் கங்கபாடியும் நுளம்பபாடியும் உண்டு. கடைசிக் காலத்தில் கடலுக்கு அப்பால் பழந்தீவு பன்னீராயிரமும் சேர்கிறது. அது மாலத்தீவு என்பது பொதுக் கருத்து. இன்று எண்ணினால் அங்கே சுமார் 1,200 தீவுகள், பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் மாலத்தீவு சுல்தான்கள் பிற்காலம் வரைக்கும் பன்னீராயிரம் தீவுகளின் அரசர் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். பனவாசிக்கும் மாலத்தீவுக்கும் இந்த எண்ணைத் தவிர வேறு உறவு இல்லை.

நம் இலக்கணமே இதில் சளைத்ததில்லை. தொல்காப்பியம் செந்தமிழ் நாட்டைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களைப் பேசுகிறது. எவை என்று சொல்லவில்லை. உரைகாரர்கள் பட்டியல் போட்டார்கள். ஒரு சாரார் தமிழகத்துக்குள்ளேயே எண்ணி முடித்தார்கள். மற்றவர்கள் கன்னடம், தெலுங்கு, சிங்களம் என்று வெளியே போய் எண்ணினார்கள். இரு தரப்பும் பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சீமையில் உண்மையாகவே எண்ணியவர்கள் 1792க்குப் பிறகு வந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியை இழந்தபோது சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போயின. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருக்கு மக்லியோட், கிரஹாம், மன்றோ என்று மூன்று உதவியாளர்கள், எல்லோரும் ராணுவத்துக்காரர்கள். கோட்டை பன்னிரண்டா பதினான்கா என்பதில் அவர்களுக்கு வருமானம் இல்லை. நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கிணறு உண்டா, யார் உழுகிறார் என்று கணக்கில் ஏற்றினார்கள். அரசுக்கும் உழுபவனுக்கும் நடுவே ஜமீன்தார் இல்லாத ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்த மன்றோ அதை மாகாணம் முழுக்கப் பரப்பினார். அரண்மனைகளைத் தப்பாக எண்ணினால் யாருக்கும் ஒன்றும் இல்லை. கேழ்வரகு விதைத்த மேட்டு நிலத்தைத் தப்பாக எண்ணினால் குடியானவன் வீட்டு மாடு ஏலத்துக்குப் போகும்.

இதில் ஓசூர் எங்கே என்று கேட்பீர்கள். எங்கேயும் இல்லை. 1792இல் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் மைசூரிடமே இருந்தன. திப்பு விழுந்த பின் 1799இல்தான் கைமாறின. பழைய ஆவணங்களில் ஓசூர்ப் பகுதி பாலாகாட், கணவாய்க்கு மேலே உள்ள சீமை. பாராமகால் கீழே. 2004இல் தர்மபுரியிலிருந்து பிரித்து கிருஷ்ணகிரி மாவட்டம் அமைத்தபோது மேலும் கீழும் ஒரே பலகைக்குள் வந்தன. அதனால் இப்போது பாராமகால் பெருமையில் ஓசூர்க்காரரும் பங்கு கேட்கிறார். கேட்கட்டும், பட்டியலில் இடம் காலியாகத்தானே இருக்கிறது.

ஓசூருக்கென்று வேறொரு பன்னிரண்டு உண்டு. டைட்டன் கடிகாரங்கள் பிறந்த ஊர் இது. டயலில் உள்ள பன்னிரண்டு, யார் எண்ணினாலும் பன்னிரண்டுதான். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர். சிப்காட் டீக்கடைகளில் "பன்னெண்டு மணி நேர வேலை" என்றால் போதும், புரிந்துவிடும். வாரத்துக்கு 48 மணி நேரம்தான், நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை யாரும் ராகமாக எண்ணவில்லை: பன்னிரண்டோடு போக வர பஸ் நேரத்தையும் கூட்டிப் பார்த்தார்கள். மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார்.

அதே ஆண்டில் கர்நாடகமும் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அங்கே அது சட்டமாகிவிட்டது. ஓசூரில் குடியிருந்து, விடிகாலையில் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் அந்தப் பன்னிரண்டு இல்லை. பஸ் செக்போஸ்ட்டைக் கடந்ததும் இருக்கிறது.