பரலோக ராஜ்யமும் இறையாட்சியும்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் பெயரிலேயே ஒரு ராஜா இருக்கிறார். செட்டிநாட்டு ராஜா என்னும் பரம்பரைப் பட்டத்தை ஆங்கில அரசு 1929இல் அண்ணாமலைச் செட்டியாருக்கு அளித்தது. பட்டம் வந்ததே தவிர, எல்லையும் படையும் கொண்ட ராஜ்யம் எதுவும் அதனுடன் வரவில்லை. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் சாந்தோம் பேராலயம். அங்கும் அக்கம்பக்கத்துத் தேவாலயங்களிலும் ஞாயிறுதோறும் வேறோர் அரசைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த அரசு எங்கே இருக்கிறது? இறந்தபின் சென்று சேரும் இடமா, இங்கேயே நிகழ வேண்டியதா? இக்கேள்விக்குத் தமிழ்க் கிறித்தவம் அளித்த விடைகள் அதன் மொழிபெயர்ப்புச் சொற்களிலேயே பதிந்து கிடக்கின்றன.

மூலச்சொல்லிலிருந்து தொடங்குவோம். கிரேக்கத்தில் அது 'பசிலேயா'. நிலப்பரப்பாகிய நாட்டையும் அச்சொல் குறிக்கும்; அரசன் ஆளும் செயலையும் குறிக்கும். அதன் பின்னே நிற்கும் எபிரேய, அரமேயச் சொற்களில் ஆளுதல் என்ற பொருளே மேலோங்கும். மாற்கும் லூக்காவும் 'கடவுளின் அரசு' என்றே எழுதுகிறார்கள். 'வானங்களின் அரசு' என்ற வழக்கு புதிய ஏற்பாட்டில் மத்தேயுவுக்கு மட்டுமே உரியது. இறைவன் பெயரை உச்சரிக்கத் தயங்கிய யூத மரபின்படி அவர் 'வானம்' என்று மாற்றிச் சொன்னார் என்பது நெடுங்காலமாகத் தரப்படும் விளக்கம். எவ்வாறாயினும், ஒரே உவமையை மத்தேயு ஒரு பெயராலும் லூக்கா மறுபெயராலும் சொல்வதைப் பார்க்கும்போது, இரண்டும் ஒன்றையே சுட்டுகின்றன என்பது விளங்கும்.

தமிழில் இது என்னவாயிற்று? சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சேறியது. வேப்பேரியில் உழைத்த பப்ரிசியுஸ், பின்னர் 1871இல் வெளிவந்த பவர் திருத்தம் என்று அந்த வரிசை நீண்டது. பவர் வேதாகமத்தின் வழியே சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்ற சொல் 'பரலோக ராஜ்யம்'. தமிழ்ச் செவிக்குப் பரலோகம் என்பது இறந்தோர் செல்லும் மறுவுலகம். கத்தோலிக்கர் வழக்கிலோ மோட்சம் என்ற சொல் வேரூன்றியது. 1894இல் வெளிவந்த கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் இவ்வுலகை விட்டு விண்ணகர் நோக்கி நடக்கும் பயணத்தையே பாடியது. ஆளும் செயல் பின்னே சென்றது. அடையும் இடம் முன்னே வந்தது. இதனால் விளைந்த ஆறுதல் பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் பிள்ளைகளைப் புதைத்தவர்களுக்கு அச்சொல் துணை நின்றிருக்கிறது. ஆனால் ஆறுதலுக்கு ஒரு விலையும் உண்டு. நீதி முழுவதையும் மறுமைக்கு ஒத்திவைத்துவிட்டால், இம்மையில் நடக்கும் அநீதிக்குப் பதில் சொல்ல யாரும் மிஞ்சுவதில்லை.

இயேசு சொன்ன உவமைகளோ மண்ணைவிட்டு அகலாதவை. கடுகு விதை, மாவைப் புளிக்கவைக்கும் புளிப்பு, கடலில் வீசிய வலை. மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலை முதல் மாலை ஐந்து மணி வரை சந்தைவெளிக்குப் பலமுறை சென்று, வேலை கிடைக்காமல் நிற்பவர்களை அழைத்து வருகிறார். முடிவில் எல்லோருக்கும் ஒரே கூலி. காலையில் சாலைச் சந்திப்புகளில் சித்தாள்களும் கொத்தனார்களும் காத்து நிற்பதைக் கண்ட சென்னைவாசிக்கு இக்கதையில் விளங்காதது ஒன்றுமில்லை. கடைசியில் வந்தவனுக்கும் அன்றைய பசி முழுப் பசிதான். இந்த உவமையிலிருந்தே ரஸ்கின் தம் நூலுக்குத் தலைப்பை எடுத்தார். அந்நூலைத் தழுவிக் காந்தி 1908இல் 'சர்வோதய'த்தை எழுதினார். ராம ராஜ்யம் என்று தாம் சொல்வது கடவுளின் அரசையே என்று 1929இல் அவர் விளக்கமும் தந்தார்.

சென்னையிலேயே இவ்வாறு சிந்தித்தவர்கள் இருந்தார்கள். 1938இல் தாம்பரத்தில் உலகக் கிறித்தவ மறைப்பணி மாநாடு கூடியபோது, பி. செஞ்சையா, வெங்கல் சக்கரை முதலியோர் இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டனர். இயேசு அறிவித்தது அரசை. அதன் இடத்தில் திருச்சபை என்னும் நிறுவனம் வந்து அமர்ந்துவிட்டது என்பது செஞ்சையாவின் குறை. சக்கரை தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்தவர். கூலியைப் பற்றிய உவமை அவருக்குப் பிரசங்கப் பொருள் மட்டுமாக இருந்திருக்க முடியாது என்றே நாம் எண்ணுகிறோம்.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவில் 'விண்ணரசு' என்றும், மாற்கிலும் லூக்காவிலும் 'இறையாட்சி' என்றும் ஆள்கிறது. லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் பழைய மொழிபெயர்ப்பு 'உங்களுக்குள்' என்று சொன்ன இடத்தில் இது 'உங்கள் நடுவே' என்கிறது. கிரேக்கச் சொல் இரு பொருளுக்கும் இடம் தருவது. முன்னது தனிமனிதனின் உள்ளத்தைப் பார்க்கிறது. பின்னது மனிதர் ஒருவரோடொருவர் வாழும் வாழ்வைப் பார்க்கிறது.

இறையாட்சி என்ற சொல்லைக் கேட்டதும் குறள் பயின்றவர்க்கு 'இறைமாட்சி' நினைவுக்கு வரும். அங்கே இறை என்பது அரசன். அவ்வதிகாரம் பேசுவது அரசனுடைய பண்பை. நிலத்தைப் பேச 'நாடு' என்று தனி அதிகாரமே வைத்தார் வள்ளுவர். இறை என்னும் ஒரே சொல்லுக்குள் கடவுளையும் அரசனையும் வைத்திருந்த மொழி, பசிலேயாவின் பொருளைச் சுமக்க முன்பே ஆயத்தமாக இருந்தது. நாம்தான் அதை நெடுங்காலம் பரலோகத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

யூதரின் அரசன் என்ற குற்றச்சாட்டின் பேரில் உரோமை ஆட்சி இயேசுவைச் சிலுவையில் அறைந்தது. மறுவுலகை மட்டும் பேசியவர்மேல் அப்படியொரு குற்றத்தைச் சுமத்த வேண்டிய தேவை எந்த ஆளுநனுக்கும் வந்திராது.