சொல்லும் கோடும்: ஓவியர் பாபுவின் சிறுவர் நகைச்சுவைச் சித்திரங்கள்

முன்னுரை

இந்திய மொழிகளின் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எழுத்தாளரை மையமாகக் கொண்டவை. கதையோடு இணைந்து வெளிவந்த ஓவியங்களை அவை கதைக்குச் சேர்த்த அணியாகவே கருதி வந்துள்ளன. பெரியவர்க்கான படைப்புகளில் இக்கருத்து ஓரளவு பொருந்தக்கூடும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் சிறுவர்க்கு அது பொருந்தாது. அவர்கள் முதலில் படத்தைப் படிக்கின்றனர். பின்னரே எழுத்துக்கு வருகின்றனர். எனவே சிறுவர் நூலில் ஓவியரும் நூலாசிரியருள் ஒருவராகிறார். இக்கருத்தைத் தெலுங்கு நகைச்சுவை ஓவியர் பாபுவின் சிறுவர் ஓவியப் பணியை, குறிப்பாகப் 'புடுகு' என்னும் படைப்பை, அடிப்படையாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாபுவின் இயற்பெயர் சத்திராஜு லட்சுமிநாராயணா. 1933 டிசம்பர் 15 அன்று மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1955இல் பட்டம் பெற்றார். வழக்குரைஞர் தொழிலை மேற்கொள்ளாமல் அவ்வாண்டிலேயே 'ஆந்திர பத்திரிகா'வில் கேலிச்சித்திரக்காரராகச் சேர்ந்தார். பின்னர்த் திரைப்பட இயக்குநராகப் பெரும்புகழ் பெற்ற அவர் 2014 ஆகஸ்டு 31 அன்று சென்னையில் காலமானார். தெலுங்கில் வரைந்து தெலுங்கரால் போற்றப்பட்ட ஓர் ஓவியரின் வாழ்வும் தொழிலும் தமிழ்நாட்டின் தலைநகரில் நிகழ்ந்தன என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

சென்னையும் தெலுங்கு இதழியலும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தெலுங்கு இதழியலின் தலைமையிடமாகச் சென்னை விளங்கியது. காசீநாதுனி நாகேசுவரராவ் 1908இல் பம்பாயில் வார இதழாகத் தொடங்கிய 'ஆந்திர பத்திரிகா', 1914இல் சென்னைக்கு வந்து நாளிதழாகவும் வெளிவரலாயிற்று. அமிர்தாஞ்சன் மருந்தினால் ஈட்டிய பொருளை இதழ்ப்பணிக்குச் செலவிட்ட இவரது பெயரை மயிலாப்பூரிலுள்ள பூங்கா இன்றும் தாங்கி நிற்கிறது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'சந்தமாமா' தெலுங்கிலும், 'அம்புலிமாமா' என்னும் பெயரில் தமிழிலும் சென்னையிலிருந்தே வெளிவந்தது. ஒரே ஓவியம் இரு மொழிச் சிறுவர்க்கும் பொதுவாய் அமைந்த நிலை இதனால் உருவாயிற்று. விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து செல்லும் காட்சியை வரைந்து புகழ்பெற்ற சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன் தமிழர், அவர் வரைந்த உருவங்களைத் தெலுங்குச் சிறுவர் தம்முடையனவாகவே கொண்டனர்.

எனினும் 'சந்தமாமா' ஓவியங்கள் புராணமும் நாட்டார் கதையும் சார்ந்தவை. அரசன், முனிவன், பூதம், காடு, அரண்மனை என்பனவே அவற்றின் உலகம். அன்றாட வீட்டில் வாழும், குறும்பு செய்யும், பெரியவர்களைக் கேள்வி கேட்கும் சிறுவன் அவ்வுலகில் மிகுதியாக இடம்பெறவில்லை. அச்சிறுவனைத் தெலுங்கு ஓவியத்திற்குக் கொண்டுவந்த பெருமை பாபுவுக்கு உரியது.

'பாலா' அளித்த பயிற்சி

இதற்கான தொடக்கம் 'பாலா' என்னும் சிறுவர் இதழில் அமைந்தது. சென்னை வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திவந்த நியாயபதி ராகவராவும் அவர் துணைவியார் காமேசுவரியும் 1945இல் இவ்விதழைத் தொடங்கினர். வானொலி கேட்ட சிறுவர்கள் இவர்களை 'அண்ணய்யா' என்றும் 'அக்கய்யா' என்றும் அழைத்தனர். இவ்விதழ் சிறுவர்க்காக நடத்தப்பட்டதோடு சிறுவரையே எழுதவும் வரையவும் தூண்டியது. பாபுவும், அவருடன் சென்னை பி. எஸ். உயர்நிலைப் பள்ளியில் பயின்ற முள்ளபூடி வெங்கட ரமணாவும் அவ்வாறு எழுத வந்தோரே. ரமணாவின் முதல் கதையும் பாபுவின் தொடக்ககால ஓவியங்களும் 'பாலா'வில் வெளிவந்தன. அப்பொழுது பாபுவுக்கு வயது பன்னிரண்டைக் கடக்கவில்லை.

இச்செய்தி வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. சிறுவர்க்கு வரைந்த ஓவியர் பலரும் வளர்ந்த பின்னரே அப்பணிக்கு வந்தவர்கள். பாபு சிறுவனாய் இருந்தபோதே சிறுவர் இதழுக்கு வரைந்தவர். எழுதுபவரும் வரைபவரும் ஒரே பள்ளியில் பயின்ற நண்பர்கள். ஒருவர் எழுதி முடித்ததை மற்றொருவர் விளக்கிக் காட்டுவது என்னும் வழக்கமான உறவுக்கு மாறாக, இருவரும் சேர்ந்தே ஒரு நகைச்சுவையை உருவாக்கும் முறை அவர்களிடம் இளமையிலேயே அமைந்தது. 'பாபு-ரமணா' எனத் தெலுங்குலகம் இருவர் பெயரையும் இணைத்தே வழங்குவது இதன் விளைவாகும்.

புடுகு: சிறுவனின் குரல்

'புடுகு' 1956-57ஆம் ஆண்டுகளில் 'ஆந்திர பத்திரிகா' வார இதழில் தொடராக வெளிவந்தது. ரமணா எழுத, பாபு வரைந்தார். புடுகு ஒரு சிறுவன். இடி எனப் பொருள்படும் 'பிடுகு' என்னும் சொல்லோடு அவன் பெயர் எதுகையாய் இயைகிறது. தாய் ராதா, தந்தை கோபாலம், பாட்டி, சிற்றப்பா, வீட்டிற்கு வந்து பாடம் சொல்லும் ஆசிரியர், பக்கத்து வீட்டுப் பருத்த சித்தியின் கணவர், இரட்டைப் பின்னல் சீதா ஆகியோர் அவனது உலகத்து மாந்தர். பெற்றோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அவனுடைய வழக்கமே பெரியவர் உலகின் ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது.

இப்படைப்பைச் சிறப்புறச் செய்வது அதன் தன்மைக்கூற்று. அமெரிக்காவில் ஹாங்க் கெட்சம் 1951இல் தொடங்கிய 'டென்னிஸ்' என்னும் குறும்புச் சிறுவனோடு புடுகுவை ஒப்பிடுவது வழக்கம். இருவரும் குறும்பர்களே ஆயினும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. டென்னிசைப் பெரியவர்களும் வாசகரும் வெளியே நின்று காண்கின்றனர். புடுகுவோ தானே பேசுகிறான். பெரியவர்களை அவனே காண்கிறான். அவன் காட்சியில் விந்தையாகத் தோன்றுவது பெரியவர்களின் நடத்தையே.

மழலை திரிந்த சொற்கள் இக்குரலுக்கு உயிர் கொடுக்கின்றன. அவனுடைய தோழியின் பெயர் 'சீகான பெசூனாம்பா'. இது 'ஸ்ரீ ஞானப்பிரசூனாம்பா' என்பதன் சிதைந்த வடிவம். இப்பெயர் தமிழர் திருக்காளத்தி என்றும் தெலுங்கர் ஸ்ரீகாளஹஸ்தி என்றும் வழங்கும் தலத்து அம்மையின் பெயர். தமிழ் மரபில் ஞானப்பூங்கோதை எனப்படுபவள் இவளே. வடமொழிப் பெருமை மிக்க ஒரு பெயர் சிறுவன் நாவில் வீட்டுப் பெயராக மாறுகிறது. இங்கு நகைப்பு பெயரை இழிவுபடுத்துவதால் தோன்றவில்லை. நாவால் இயலாததை இயன்ற அளவில் சொல்லிவிடும் துணிவினால் தோன்றுகிறது.

கோட்டின் தொழில்நுட்பம்

பாபுவின் ஓவிய முறையை அக்காலத்து அச்சு நிலையோடு சேர்த்துக் காண்பது பொருத்தம். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட அந்நாளில், கோட்டோவியத்தைப் புகைப்பட முறையில் துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் பொருத்தினர். அச்சகத்தார் இதனை 'லைன் பிளாக்' என்றனர். நிழலும் வண்ணச் செறிவும் கொண்ட ஓவியத்திற்குப் புள்ளிகளாலான 'ஆஃப்டோன் பிளாக்' வேண்டும். மலிவான செய்தித்தாளில் அது கலங்கித் தெரியும். ஓவியத்தைச் சிறிதாக்கும்போது மெல்லிய கோடுகள் அறுந்துபோகும்; நெருக்கமான கோடுகள் மை தேங்கி ஒன்றாகிவிடும். ஆகவே இதழ் ஓவியருக்குச் சிக்கனம் ஒரு கட்டாயமாயிருந்தது.

இக்கட்டாயத்தைப் பாபு ஓர் அழகாக மாற்றினார். பின்புலத்தைப் பெரும்பாலும் நீக்கி, ஒரே வீச்சில் செல்லும் தடித்த கோட்டினால் உருவத்தை அமைத்தார். உடலின் சாய்வு, கழுத்தின் வளைவு, கையின் நிலை ஆகியவற்றால் மனநிலையைக் காட்டினார். எழுத்தையும் தம் கையாலேயே தீட்டியமையால் ஓவியக் கோடும் எழுத்துக் கோடும் ஒரு குடும்பத்தவையாய் அமைந்தன. எழுத்தும் ஒரு படமே என்று தோன்றும் இந்நிலை, படிக்கப் பழகும் சிறுவனை எழுத்தை நோக்கி இழுக்கும் ஆற்றல் உடையது. அவரது கையெழுத்து பிற்காலத்தில் கணினி எழுத்துருவாகவும் வடிவம் பெற்றது.

இந்நகைச்சுவைக் கோட்டு மரபு தனித்து எழுந்ததன்று. அதே சென்னையில் 'ஆனந்த விகடன்' வழியாக மாலி வளர்த்த கேலிச்சித்திர மரபும், அதனைத் தொடர்ந்த கோபுலுவின் சொல்லில்லாச் சிரிப்புச் சித்திரங்களும் பெருவழக்காய் இருந்தன. தேவனின் துப்பறியும் சாம்புவைக் கோபுலு படக்கதையாக வரைந்தபோது, எழுத்தில் வாழ்ந்த மாந்தன் தமிழ் வாசகர்க்குக் கண்ணில் வாழும் மாந்தனானான். சாம்பு பெற்ற இவ்வுருவத்தையும் புடுகு பெற்ற உருவத்தையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தால் இரு மொழி இதழியலுக்கும் பொதுவான ஒரு சென்னை மரபு புலப்படும். மொழிவாரியாக எழுதப்பட்ட வரலாறுகளில் இம்மரபு இடம்பெறவில்லை.

சிறுவர் இலக்கியமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் இயல்பு. 'புடுகு' வெளிவந்தது பெரியவர்கள் படித்த வார இதழில். அதன் எள்ளல் பலவும் குடும்ப வாழ்வை அறிந்தவர்க்கே விளங்குவன. எனவே அது சிறுவர் இலக்கியமன்று, சிறுவனைப் பற்றிப் பெரியவர்க்காக எழுதப்பட்ட இலக்கியமே எனலாம். மேலும், அதில் வரும் வீடு கற்ற நடுத்தர வகுப்பினரின் வீடு. தனி ஆசிரியரை அமர்த்தும் வசதியுடையது. உழைக்கும் சிறுவர்க்கு அவ்வீட்டில் இடமில்லை. தோழி பெசூனாம்பாவையும் நாம் புடுகுவின் சொல் வழியாகவே அறிகிறோம். அவள் தன் கதையைச் சொல்வதில்லை.

இக்குறைகளை மறுத்தற்கில்லை. ஆயினும் முதல் தடைக்கு விடை பாபுவின் ஓவியத்தில் உள்ளது. எழுத்தின் எள்ளலைப் பெரியவர் உணர்கின்றனர். எழுத்தறியாச் சிறுவனோ படத்தில் தன்னைப் போன்ற ஒருவனைக் கண்டு சிரிக்கிறான். ஒரே பக்கத்தை இருவேறு வயதினர் இருவேறு வாயில்கள் வழியாக அடைகின்றனர். படத்தை நீக்கிவிட்டால் புடுகு பெரியவர்க்கான நகைச்சுவைக் கட்டுரையாகவே எஞ்சும். அதனைச் சிறுவர்க்கும் உரியதாக்கியது ஓவியமே. பிற்காலத்தில் ரமணாவின் படைப்புகள் தொகுக்கப்பட்டபோது 'பால ரமணீயம்' என்னும் தொகுதியில் புடுகு சேர்க்கப்பட்டமையும் இப்படைப்பு சிறுவர் வரிசையில் நிலைபெற்றதைக் காட்டுகிறது.

ஐதராபாத்தை நோக்கி

புடுகு தொடராக வந்த காலம் அரசியல் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் சென்னையிலிருந்து பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று ஐதராபாத்தைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. தெலுங்குப் பண்பாட்டு நிறுவனங்கள் படிப்படியாக அந்நகரை நோக்கி நகர்ந்தன. 'பாலா'வை நடத்திய ராகவராவ் இணையரும் ஐதராபாத் சென்று சிறுவர் சங்கப் பணியைத் தொடர்ந்தனர். பாபுவும் ரமணாவும் சென்னையிலேயே தங்கினர். சென்னையில் பிறந்த புடுகு இவ்வாறு புதிய மாநிலத்தின் வீடுகளுக்குச் சென்று சேர்ந்தான்.

ஓவியரின் சிறுவர் பணி திரையிலும் தொடர்ந்தது. ஏ. பி. நாகராஜனின் 'வா ராஜா வா' என்னும் 1969ஆம் ஆண்டுத் தமிழ்ப் படத்தைத் தழுவிப் பாபு 1970இல் 'பாலராஜு கதா'வை இயக்கினார். 1986இல் முதலமைச்சர் என். டி. ராமராவின் அழைப்பின்பேரில் பாபுவும் ரமணாவும் ஆந்திரப் பிரதேசத் தொடக்கப் பள்ளி மாணவர்க்கான ஒலி-ஒளிப் பாடங்களை உருவாக்கினர். படத்தால் கற்பித்தல் என்னும் அவர்தம் இளமைக் கொள்கை அரசின் கல்வித் திட்டத்தில் இடம்பெற்ற நிகழ்வு இது. 2011 பிப்ரவரி 24 அன்று ரமணா மறைந்தார். 2013இல் பாபுவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்று இவ்வரலாறு வேறொரு பயனையும் பெறுகிறது. ஐதராபாத்தின் மேற்கே கொண்டாப்பூர், மாதாப்பூர், கச்சிபௌலி முதலிய பகுதிகள் தகவல் தொழில்நுட்பத்தால் வளர்ந்தவை. தமிழ்க் குடும்பங்களும் பணியின் பொருட்டு அங்கு வாழ்கின்றன. 2018இல் இயற்றப்பட்ட தெலங்கானாச் சட்டம் பள்ளிகளில் தெலுங்கு கற்பித்தலைக் கட்டாயமாக்கியது. அங்கு வளரும் தமிழ்ச் சிறுவர்க்குத் தெலுங்கு, தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நின்றுவிடக் கூடும். சிரிப்பின் வழியாக அம்மொழிக்குள் நுழைய விரும்பும் சிறுவனுக்குப் பாபுவின் ஓவியங்கள் தக்க வாயிலாகும். மழலைத் தெலுங்கைத் தமிழில் பெயர்த்தல் அரிது. கோட்டுக்கோ மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாபுவின் சிறுவர் நகைச்சுவை ஓவியம் சென்னையின் பன்மொழி இதழியல் சூழலில் உருவானது. அதனைத் தெலுங்கு வரலாற்றின் பகுதியாக மட்டும் கொள்வது குறையுடையது. இரண்டாவது, அச்சுத் தொழிலின் வரம்பே அவரது கோட்டுச் சிக்கனத்திற்கு அடிப்படை வகுத்தது. மூன்றாவது, புடுகுவைச் சிறுவர்க்கு உரியவனாக்கியதில் எழுத்தாளர்க்கு இணையான பங்கு ஓவியருக்கு உண்டு.

தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாற்றிலும் இவ்வளவுகோலைக் கொண்டு காணவேண்டிய ஓவியர் பலர் உளர். பழைய சிறுவர் நூல்களை மறுபதிப்புச் செய்வோர் எழுத்தை மட்டும் புதிதாகக் கோத்து, மூல ஓவியங்களை விட்டுவிடும்போது நூலின் ஒரு பாதி அழிகிறது. இதழ்களின் பழந்தொகுதிகள் கிடைக்கும்போதே அவ்வோவியங்களை ஓவியர் பெயருடனும் ஆண்டுடனும் அட்டவணைப்படுத்துதல் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.