இரத்தச் சுத்திகரிப்பும் கைச்சுத்தமும்

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டவர்கள். பத்து பெரண்டாம் வட்டாரத் தோட்டங்களிலும் நீரிழிவு நுழையாத வீடு அரிது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி. வாரத்தில் மூன்று நாள், ஏறக்குறைய நான்கு மணி நேரம் இரத்தம் உடலை விட்டு வெளியேறித் திரும்புகிறது. இயந்திரம் நின்றுவிடுமோ என்பதுதான் வீட்டாரின் அச்சம். வரலாறோ வேறோர் ஆபத்தைக் காட்டுகிறது.

1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், காம்பன் என்னும் ஊரில் டாக்டர் வில்லெம் கோல்ப் முதல் இயந்திரத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். இறைச்சி அடைக்கும் செலபேன் குழாயை மரச்சட்ட உருளையில் சுற்றி, உப்பு நீரில் சுழலவிட்டார். தொடக்கத்தில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயைப் புதிதாக அறுக்க வேண்டியிருந்தது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் கையிலேயே நிலையாக ஒரு குழாயைப் பொருத்தினார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை நடத்த முடிந்தது.

அதோடு, பலர் ஒரே அறையில் வாரந்தோறும் கூடலாயினர். வினையும் அங்கேதான் தொடங்கியது. 1965இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டயாலிசிஸ் பிரிவில் காமாலை பரவியது. 1969–70இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஏறத்தாழ 40 பேரைத் தொற்றியது. 11 பேர் மாண்டனர். அவர்களுள் காப்பாற்ற வந்த ஊழியர்களும் இருந்தனர்.

கண் மஞ்சளித்தால்தான் காமாலை, கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போகும் என்பது நம் வழக்கம். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியோ, கண்ணில் மஞ்சளே காட்டாமல் ஒருவர் உடலில் பல்லாண்டு குடியிருக்கும். உலர்ந்த இரத்தத் துளியில் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். புளும்பர்க் 1960களில் கண்டறிந்த அடையாளப் பொருளால்தான் அதை இரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடிந்தது.

1972இல் பிரிட்டனில் ரோசன்ஹைம் குழுவும், 1977இல் அமெரிக்காவும் வகுத்த விதிகளைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். பெரிய கருவி எதையும் அவை கேட்கவில்லை. அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை. பி கிருமி உள்ளவருக்குத் தனி அறை, தனி இயந்திரம். காலப்போக்கில் மேலும் நுணுக்கமான வழக்கங்கள் சேர்ந்தன. ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடலாகாது. ஊசிமருந்தை இரத்தம் தெறிக்காத தனி இடத்தில் நிரப்ப வேண்டும். ஒருவர் படுக்கைக்குச் சென்ற பிளாஸ்டர், பயன்படுத்தாத மருந்து எதுவும் பொதுத் தட்டுக்குத் திரும்பலாகாது. கத்தரியையும் இரத்த அழுத்தப் பட்டையையும் துடைக்காமல் அடுத்தவரிடம் கொண்டு போகலாகாது. தாதி கையுறை மாற்றக் கண்டால், நம்மை அருவருக்கிறார் என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். மாற்றாவிட்டால்தான் கேட்க வேண்டும்.

பி கிருமிக்குத் தடுப்பூசி வந்தது. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதே ஆண்டில் சி என்னும் மற்றொரு கிருமி கண்டறியப்பட்டது. அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை, கைச்சுத்தமே காவல். இடம் கிடைக்காதென அஞ்சிப் பரிசோதனை முடிவை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைத்தால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் ஆபத்து, மறைத்தவருக்கும் மருந்து தவறிப்போகும். சி கிருமியைப் பெரும்பாலானோரிடம் சில மாதங்களில் ஒழிக்கும் மாத்திரைகள் உள்ளன. விலை எட்டாதிருந்த அம்மருந்தை மலிவாகப் பெற 2017இல் மலேசிய அரசாங்கம் தனி உரிமம் வழங்கியது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினர்.