ஒரு டால்பினுக்காக ஒரு சட்டம்

கடலில் தன்னந்தனியாகத் திரிந்த ஒரே ஒரு பிராணியை உத்தேசித்து ஒரு தேசத்து அரசாங்கம் சட்டம் பிறப்பித்த கதை உங்களுக்குத் தெரியுமோ?

நியூஸிலாந்தின் தெற்குத் தீவு வடக்கே முடிகிற இடத்தில், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து குடாக்களாகக் கிளை பிரிந்து கிடக்கிறது. வெல்லிங்டனிலிருந்து நெல்ஸனுக்குப் போகும் நீராவிக் கப்பல்கள் அவ்வழியே செல்லும். 1888-ம் வருஷத்திலிருந்து, பெலோரஸ் குடாவின் வாயிலுக்குக் கப்பல் வந்ததும் ஒரு டால்பின் எதிர்கொண்டு வரவேற்கத் தொடங்கியது. ஏறக்குறைய பதின்மூன்று அடி நீளம், வெளுத்த உடம்பு. கப்பலோடு உராய்ந்து, முகப்பில் துள்ளி, சில மைல் தூரம் கூட வரும். 'பிரெஞ்சுக் கணவாய்' என்ற அபாயமான நீர்வழியை நெருங்கியதும் விடைபெற்றுக்கொள்ளும்.

பிரயாணிகள் அதற்குப் 'பெலோரஸ் ஜாக்' என்று பெயர் வைத்தார்கள். அது ஆணா பெண்ணா என்று யாரும் கண்டதில்லை! கப்பலுக்கு வழி காட்டுகிறது என்றார்கள். விஷயம் அதைவிட எளிது. ஓடும் கப்பலின் முகப்பு தண்ணீரை முன்னே தள்ளுகிறது. அந்த உந்தலில் மிதந்து போவது டால்பினுக்கு விளையாட்டு. கூட்டமாக வாழும் இனத்தைச் சேர்ந்த ஜாக்குக்கு வேறு துணையும் இல்லை.

'பெங்குவின்' என்ற கப்பலிலிருந்து எவனோ அதைச் சுட்டான் என்பார்கள். 1904 செப்டம்பரில் உத்தரவு வந்தது. சட்டத்தில் செல்லப் பெயருக்கு இடமேது? குக் ஜலசந்தியிலும் அதையடுத்த குடாக்களிலும் ரிஸ்ஸோ டால்பின் இனத்தைப் பிடிக்கலாகாது என்று எழுதினார்கள். அது மீனா, பாலூட்டியா என்ற வம்பில் மாட்டிக்கொள்ளாமல், 'மீன் அல்லது பாலூட்டி' என்றே குறிப்பிட்டுவிட்டார்கள்!

அதற்குப் பிறகு ஜாக் 'பெங்குவி'னை மட்டும் அண்டவில்லையாம். 1909-ல் அந்தக் கப்பல் உடைந்து 75 பேர் மாண்டார்கள். பாவம் செய்த கப்பலுக்குத் தக்க தண்டனை! கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இத்தனை பொருத்தமான முடிவைக் கண்டால் சந்தேகம் வந்துவிடும். தேசப்படத்தைப் பார்த்தேன். அன்று கப்பல் கிளம்பியது பிக்டனிலிருந்து. உடைந்தது வெல்லிங்டன் பக்கத்தில். ஜாக் உலாவிய தண்ணீர் அந்த வழியிலேயே இல்லை. மேலும், மாண்ட அந்த 75 பேரில் எவரும் ஜாக்கைச் சுட்டதாகக் கதை கட்டியவர்கள்கூடச் சொல்லவில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத சங்கதி ஒன்று உண்டு. ஜாக் உயிரோடு இருந்தபோதே, 1911-ல், அதே மலைக்குடாக்களின் கிழக்குக் கோடியில் திமிங்கில வேட்டை நிலையம் ஒன்று தொடங்கியது. 1964 வரையில் விசைப்படகில் துரத்தித் துரத்திக் கொன்றார்கள். ஜாக்கைப் பார்த்துக் கைகொட்டியவர்களின் நாடுதான் அதுவும். திமிங்கிலங்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

1912-க்குப் பிறகு ஜாக்கைக் கண்டவர் இல்லை. கடல்வாழ் பாலூட்டிகள் அனைத்தையும் காக்கும் சட்டத்தை நியூஸிலாந்து 1978-ல் செய்தது. பெயருள்ள ஒன்றுக்குக் கிடைத்த தயவு, பெயரில்லாத மற்றவற்றுக்கும் கிடைக்க எழுபத்து நான்கு வருஷம் ஆயிற்று.