பி11 நீர்மூழ்கிக் கப்பல்

பிரிட்டிஷ் கடற்படையின் பி வகை நீர்மூழ்கிகளில் கடைசியாக எண்ணிடப்பட்டது பி11. பாரோ நகரின் விக்கர்ஸ் தளத்தில் கட்டப்பட்டு 1906இல் கடலில் இறங்கியது. நீளம் 43 மீட்டர். கடல்மட்டத்தில் பெட்ரோல் எஞ்சினும் நீருக்கடியில் மின்கலமும் இதை ஓட்டின.

உலகப் போர் மூண்டபோது இது மத்தியதரைக் கடலில் இருந்தது. அதற்குள் பழங்கலமாகியும் விட்டது.

1914 டிசம்பர் 13 அன்று டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைய இதைத் தேர்ந்ததற்குக் காரணம், மின்கலங்கள் அண்மையில் மாற்றப்பட்டிருந்ததுதான். கண்ணிவெடிக் கம்பிகள் சிக்காதிருக்க வெளிப்புறத்தில் காப்புகள் பொருத்தினார்கள். லெப்டினன்ட் நார்மன் ஹோல்புரூக் எதிர்நீரோட்டத்தில் கலத்தைச் செலுத்தி, ஐந்து வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில் புகுந்து, சாரிசிக்லர் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த துருக்கியப் போர்க்கப்பல் மெசூதியேவை டார்பிடோவால் தாக்கினார். 1874இல் லண்டனில் நீரிறக்கப்பட்ட அந்தக் கப்பல் சில நிமிடங்களிலேயே கவிழ்ந்தது. அதில் 37 பேர் இறந்ததாகப் பெரும்பாலான நூல்கள் குறிக்கின்றன. கவிழ்ந்த அடிப்பகுதியைத் துளைத்துப் பலரை மீட்டார்கள்.

திரும்பும் வழிதான் சோதனை. திசைகாட்டியின் ஆடியில் நீராவி படிந்து எண்கள் மறைந்தன. கலம் ஆழமற்ற இடத்தில் தரைதட்டித் தட்டித்தான் வெளியே வந்தது. ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மூழ்கியிருந்ததில் உள்ளே காற்று கெட்டு, மேலே வந்த பின்னும் எஞ்சின் உடனே கிளம்பவில்லை என்பார்கள்.

ஹோல்புரூக்குக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. நீர்மூழ்கி வீரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. துணை அதிகாரி முதல் கடைசி மாலுமி வரை மற்ற எல்லோருக்கும் பதக்கம் உண்டு. வெற்றியின் எடை பற்றி ஒருமித்த கருத்தில்லை: மூழ்கியது பழைய கப்பல், அதன் பீரங்கிகள் சிலவற்றைத் துருக்கியர் மீட்டுக் கரையில் நிறுத்திக்கொண்டார்கள்.

பின்னர் ஏட்ரியாட்டிக் கடலில் பணியாற்றிய பி11, 1917இல் மூழ்காத ரோந்துப் படகாக மாற்றப்பட்டு, 1919இல் விற்கப்பட்டது.

கலத்தைவிட அதன் தலைவர் பெயருக்கு ஆயுள் அதிகம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியிலிருந்த ஜெர்மன்டன் ஊர், போர்க்காலத்தில் அந்தப் பெயரைச் சுமக்க விரும்பாமல் 1915இல் ஹோல்புரூக் ஆனது. ஓய்வுபெற்ற ஆஸ்திரேலிய நீர்மூழ்கி ஓட்வேயின் மேற்பாதி அங்கே புல்வெளியில் நிற்கிறது. அதற்கான செலவில் பெரும்பங்கு, 1976இல் மறைந்த ஹோல்புரூக்கின் மனைவி தந்த நன்கொடை. பி11இன் மாதிரி ஒன்றும் அவ்வூரில் உண்டு.