325ஐ வெல்லாத 500

போன கிழமை என் பெறாமகள் இரண்டு கிராபிக்ஸ் கார்ட்களின் படங்களை அனுப்பி, "சித்தப்பா, ஒன்றிலை 16 ஜிபி, மற்றதிலை 12 ஜிபி. 16 தானே நல்லது?" என்று கேட்டாள். அவளுக்கு வயது 14. அந்த வயதில் நானும் ஒரு எண்ணைப் பார்த்து மயங்கினேன். அதனால் நட்டப்பட்டது அவளுடைய அப்பா.

2002ஆம் ஆண்டு. பெரியம்மாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், ஸ்காபுறோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் இருந்தார். பகலில் கல்லூரி, இரவில் ஒரு பேக்கரியில் வேலை. ரேடியான் 9700 ப்ரோ என்ற கார்ட் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓகஸ்டில் அது கடைக்கு வந்தது. அமெரிக்க விலை 399 டொலர்.

அதைச் செய்த ஏடிஐ நிறுவனத்தின் தலைமையகம் மார்க்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தது. 1985இல் கே. வை. ஹோ உட்பட ஹொங்கொங்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய கம்பனி அது. "எங்கட ஊர்ச் சாமான்" என்று அண்ணா பெருமைப்படுவார். உண்மையில் அந்தச் சிப்பை வடிவமைத்ததில் பெரும்பங்கு, 2000இல் ஏடிஐ வாங்கிய ஆர்ட்எக்ஸ் என்ற கலிபோர்னியக் கம்பனியின் பொறியியலாளர்களுடையது. அண்ணாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

நவம்பரில் என்விடியா தன் பதிலை அறிவித்தது: ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. கடிகார வேகம் 500 மெகாஹேர்ட்ஸ். ரேடியானுடையது 325. நான் துள்ளிக் குதித்தேன். "அண்ணா, பொறுங்கோ! இது ஒன்றரை மடங்கு வேகம்!" அவர் பொறுத்தார்.

அந்த வருடம்தான் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்திருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு பெரியம்மா யாழ்ப்பாணம் போனார். வீட்டுக்குக் கூரை இல்லை என்று அங்கிருந்து தொலைபேசியில் சொன்னார். 2003 தொடக்கத்தில், எஃப்எக்ஸ் கடைக்கு வருவதற்கு முன்பே, அண்ணாவின் காசு ஓடாகவும் மரமாகவும் மாறிவிட்டது. அதில் அவருக்குக் கவலை இல்லை. ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அந்த இலையுதிர் காலத்திலேயே அவரிடம் ஒரு ரேடியான் இருந்திருக்கும்.

பிறகு இரண்டு கார்ட்களையும் ஒப்பிட்டு எழுதியவற்றை வாசித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. பழைய விளையாட்டுகளை வெறுமனே ஓட்டினால் எஃப்எக்ஸ் சமமாக நின்றது, சிலவற்றில் சற்று முந்தியது. ஆனால் உருவங்களின் ஓரங்களில் தெரியும் படிக்கட்டுகளை மழுப்பும் வசதியை இயக்கியதும், பெரும்பாலும் 325தான் 500ஐ முந்தியது. எப்படி?

இந்த இடத்தில் ஒரு கணக்கு. பெருக்கல் தெரிந்தால் போதும்.

சிப் எவ்வளவு வேகமாகத் துடித்தாலும், படத்தின் தரவுகள் நினைவகத்திலிருந்து வந்து சேர வேண்டும். அந்தப் பாதையின் அகலத்தைப் பிட்களில் சொல்வார்கள். ரேடியானில் 256 பிட், அதாவது ஒரு தடவைக்கு 32 பைட். அதன் நினைவகம் 310 மெகாஹேர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை அனுப்பும் வகை என்பதால் 620. 620ஐ 32ஆல் பெருக்கினால் 19,840. நொடிக்கு ஏறத்தாழ 19.8 ஜிகாபைட். எஃப்எக்ஸின் நினைவகம் 500 மெகாஹேர்ட்ஸ், இரண்டு தடவை என்றால் 1000. ஆனால் பாதை 128 பிட்தான், 16 பைட். பெருக்கினால் 16,000. நொடிக்கு 16 ஜிகாபைட். ஏ9இல் எவ்வளவு வேகமாக ஓடினாலும், 401 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் போகும் வாகனங்கள் அதில் போக முடியாது அல்லவா?

சிப்புக்குள்ளும் இதே கதைதான். ரேடியான் ஒரு துடிப்புக்கு 8 பிக்சல்களை முடித்தது. எஃப்எக்ஸ் 8 என்று விளம்பரம் செய்தாலும், நிறத்தோடு முழுதாக முடித்தவை 4தான். 325 × 8 = 2,600. 500 × 4 = 2,000. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நான் எதனாலும் பெருக்கிப் பார்க்கவில்லை.

என்விடியாக்காரர் முட்டாள்கள் இல்லை. 130 நானோமீட்டர் என்ற புதிய உற்பத்தி முறையையும், டிடிஆர்2 என்ற புதிய வேக நினைவகத்தையும் ஒரே நேரத்தில் நம்பினார்கள். வேகம் இருந்தால் பாதை அகலமாக இருக்கத் தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. புதிய முறை தாமதமாகியது. ஏடிஐ பழகிய 150 நானோமீட்டரிலேயே நின்று, பாதையை அகலமாக்கியது. தாமதத்தை வேகத்தால் ஈடுகட்ட எஃப்எக்ஸை 500 வரை விரட்டினார்கள். அது சூடேறியது. அதைக் குளிர்விக்க வைத்த விசிறி இரண்டு கார்ட்களின் இடத்தைப் பிடித்து, தூசி உறிஞ்சும் கருவி போல இரைந்தது. அந்தக் கார்டை இலை ஊதும் கருவியாகப் பயன்படுத்துவது போல என்விடியாவே ஒரு கேலிப் படம் எடுத்தது. தன் தவறைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த கம்பனி. எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொரு சிக்கல் மெதுவாகத்தான் வெளியே வந்தது. டைரக்ட்எக்ஸ் 9 முழுத் துல்லியத்துக்குக் குறைந்தது 24 பிட் கேட்டது. ரேடியான் சரியாக 24இல் கணக்கிட்டது. எஃப்எக்ஸுக்கு 16 அல்லது 32தான் தெரியும். 16 போதாது, 32இல் நடை தளர்ந்தது. 2004இல் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, எஃப்எக்ஸ் கார்ட்களைக் கண்டால் அந்த விளையாட்டு தானாகவே பழைய டைரக்ட்எக்ஸ் 8 முறைக்கு இறங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 2003 மே மாதத்தில் வந்தது. என்விடியா 5800க்குப் பதிலாக 5900 அல்ட்ராவை இறக்கியது. கடிகார வேகம் 500இலிருந்து 450ஆகக் குறைந்திருந்தது. பாதை 256 பிட்டாக அகன்றிருந்தது. விசிறியின் இரைச்சலும் அடங்கியது.

அண்ணா 2004 கடைசியில் ஒரு பழைய 9700 ப்ரோவை யாரிடமோ வாங்கினார். இருவரும் பேஸ்மென்டில் இருந்து ஹாஃப்-லைஃப் 2இன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஆனால் நான் கார் வாங்கினாலும், குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும், "எத்தனை மெகாஹேர்ட்ஸ்?" என்று இன்றுவரை கேட்பார்.

பெறாமகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. பாதை எத்தனை பிட், நினைவகம் எத்தனை வேகம் என்று பார்த்துப் பெருக்கிவரச் சொன்னேன். அவள் அனுப்பியவை ஆர்டிஎக்ஸ் 4060 டிஐயின் 16 ஜிபி வகையும், 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4070உம். அரை மணியில் பதில் வந்தது: "16 ஜிபிக்கு 128 பிட், 288 ஜிகாபைட். 12 ஜிபிக்கு 192 பிட், 504 ஜிகாபைட். ஆனா சித்தப்பா, இது விலையும் கூட. அப்பாவிட்டை நீங்கள் கதைக்கிறீங்களா?"